மாதம் ஏழு, ஜூலை அல்ல

ஜூலை 14, திங்கள்

விடாத மழை. குடைக்கம்பி போயிற்று. வாங்க: ரவை, மகளுக்கு சாக்ஸ், குடை.

காலை ஏழரைக்கு எதிர்வீட்டு இசக்கியம்மாள் சித்தி. கையில் போன். சித்தப்பாவுக்கு ஒரு கண் போய் நாலு வருஷம். மிச்சக் கண்ணுக்கு மாட்டுங்கா கிளினிக்கில் நாலு வாரத்துக்கு ஒரு ஊசி. தேதியை நினைவூட்டும் மெசேஜ் அங்கே சனிக்கிழமைதான் தொடங்கியது. புரோகிராம் எழுதியது நான்.

"ஏட்டி முத்தரசி, டாக்டரு வார வெள்ளின்னுல்லா சொன்னாரு? இதுல ஆகஸ்ட் பதினெட்டுன்னு கெடக்கு."

"டாக்டர் மாத்தியிருப்பாரு சித்தி."

"எங்கிட்ட சொல்லாமலா மாத்துவாரு?"

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். உண்மையில் பார்க்கும் எண்ணம் இல்லை. எரிச்சல்தான்.

சயன் தாண்டும்போது உறைத்தது. வருகிற வெள்ளியும் பதினெட்டுதான். நாள் சரி. மாதம் மட்டும் ஒன்று கூடுதல்.

செம்பூர் ஆபீஸ். ஈரச் செருப்போடு கம்ப்யூட்டரைத் திறந்தேன். இந்தக் கம்ப்யூட்டர் மொழியில் தேதி உருவாக்கும்போது நாள் ஒன்றில் தொடங்கும், மாதம் பூஜ்யத்தில். ஜனவரி 0. ஜூலை 6. நான் 7 என்றே கொடுத்திருக்கிறேன், ஒன்று கழிக்காமல். 7 என்றால் ஆகஸ்ட். முதல் வாரம் படித்த பாடம்! சோதித்தபோது ஏன் தெரியவில்லை? 7 கொடுத்தேன், திருப்பிக் கேட்டேன், 7 வந்தது, திருப்தி. மெசேஜில் மாதப் பெயர் என்ன வருகிறது என்று ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

மேலாளர் ஷிண்டே சாரிடம் போய்ச் சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கித்னே லோக்?" எத்தனை பேர் என்றார்.

இருபத்து மூன்று பேர்.

"பஹ்லே சப்கோ ஃபோன் கரோ. கோட் பாத் மே." முதலில் எல்லோருக்கும் போன், புரோகிராம் அப்புறம்.

போன் செய்தோம், அவர் பாதி, நான் பாதி. தூரத்தில், கோபர்கைரனேயில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு இன்றைக்கே ஊசி. மகன் டாக்ஸியில் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒருவர் திட்டினார். திட்டட்டும். எல்லோரும் கிடைத்துவிட்டார்கள். அப்புறம்தான் ஒன்றைக் கழித்தேன். ஒரே ஒரு எண்.

ஜூலை 15, செவ்வாய்

மழை குறைவு. குடை வாங்கவில்லை.

சித்திக்குச் சரியான தேதியை நேற்று போனில் சொன்னது ஷிண்டே சார்தான். நானே நேரில் போயிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. இன்று சித்தி வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது, டாக்டர் எதையும் மாற்றவில்லை என்றேன். சித்தப்பா தையல் மிஷினை நிறுத்தினார். சித்தி கேட்டது ஒன்றுதான்.

"நான் வந்து கேக்கலேன்னா?"

அழுதுவிட்டேன். சித்தி முந்தானையை நீட்டினாள்.

"சரி, கண்ணத் தொடச்சிக்கோ. கேட்டாச்சுல்லா, சரியாச்சுல்லா. வெள்ளிக்கெழம நீயும் கூட வா. ரெண்டு கையும் புடிக்க ஆள் வேணும்."

சித்தப்பா: "புள்ளைக்கு சாயா போடு மொதல்ல."

ஜூலை 17, வியாழன்

ஷிண்டே சாரிடம் நாளைக்கு அரை நாள் லீவு கேட்டேன். "ஜாவ், ஜாவ்", போய் வா என்றார். மகளுக்குச் சளி. சாக்ஸ் மட்டும் வாங்கியாயிற்று.

ஜூலை 18, வெள்ளி

வெயில்!

ஊசி முடிந்து சித்தப்பா வெளியே வந்தார், பார்க்கும் கண்ணில் கட்டு. ஆக இப்போது எதுவும் தெரியாது அவருக்கு. இடக்கை சித்தியிடம், வலக்கை என்னிடம். தையல் ஊசி குத்தித் தழும்பேறிய விரல்கள், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. நான் செய்த தப்பு தெரிந்தும். டாக்டர் சொன்னார், ஒரு மாதம் தள்ளியிருந்தால் இந்தக் கண்ணுக்கும் உறுதி சொல்லியிருக்க முடியாது என்று. அன்று எரிச்சலோடு நின்ற என்னிடம் சித்தி மறுபடி ஒரு கேள்வி கேட்டாளே, அதற்கு எப்படி நன்றி சொல்வது?

வாசலில் அவள் போன் ஒலித்தது. அடுத்த ஊசிக்கு மெசேஜ். என் கையில் கொடுத்தாள். ஆகஸ்ட் 15. எண்ணிப் பார்த்தேன், சரியாக நாலு வாரம். நிம்மதியாகக் காட்டினேன்.

"ஏட்டி, அன்னைக்கு கொடியேத்துத நாளுல்லா? ஆஸ்பத்திரி தொறந்திருக்குமா?"

திறந்திருக்காது. கண்கட்டோடு சித்தப்பாதான் முதலில் சிரித்தார்.