சாயம் இல்லாத தபால் உறை

ஞாயிறு, 2014 தை

விழுப்புரம் தனி மாவட்டமான 1993-ம் வருஷம். நான் அப்போது கைநாட்டு. தபால் உறையில் முத்திரை மேடாக இருக்கும். அதைத் தடவித்தான் எது தலைப்பக்கம் என்று கண்டுபிடிப்பேன். அன்றைக்கு வாங்கிய உறையிலும் மேடு இருந்தது. சாயம் இல்லாததை நான் கவனிக்கவில்லை. அக்காவுக்கு வேறொருவரிடம் கடிதம் எழுதி வாங்கி, ஒட்டி, கவுண்டரில் கொடுத்தேன்.

"பழைய கவரைக் கழுவி எடுத்துக்கினு வந்துட்டியா? கையெழுத்து வரல, திருட்டு மட்டும் நல்லா வருது" என்றார் கிளார்க்கு நமச்சிவாயம். வரிசையே சிரித்தது.

உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ரோஷத்தில்தான் எழுத்துக் கற்றேன். உறையைத் தூக்கிப் போடவில்லை.

இன்று விழுப்புரத்தில் தபால்தலைக் கண்காட்சி. அங்கே ஒருவர் அந்த உறையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "கழுவினா மேடு அமுங்கிப் போயிருக்கும், பெரியவரே. இது அப்படியே நிக்குது. மை இல்லாம அச்சுல அழுத்திட்டாங்க. பிரஸ் தப்புங்க இது."

நேராகத் திண்டிவனம் பஸ் ஏறி, ரிட்டயராகி அங்கே இருக்கும் அந்தக் கிளார்க்கு வீட்டுக்கே போனேன். விஷயத்தைச் சொல்லி உறையை நீட்டினேன்.

"எனக்குக் கண்ணு தெரியலய்யா."

"விரல் இருக்குதில்ல? தடவிப் பாருங்க."

தடவினார். திரும்பவும் தடவினார். "கழுவினது இல்ல. நான் சொன்னதுதான் தப்பு" என்றார். தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

அன்று சிரித்தவர்களில் பல பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நல்லவேளை, இன்னும் உயிரோடு இருக்கிறார் நமச்சிவாயம்.