குளத்துக்கு மருந்து ஊற்றுமுன்

அனுப்புநர்:
திருமதி ஜெயரூபி துவாரகன்,
குளக்கட்டு வீதி, இலுப்பைமடு,
தோப்பூர்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: இலுப்பைமடுக் குளத்தில் நஞ்சூற்றுவதைத் தடுத்து, அதன் மீன் உண்ணத் தகுந்ததா என்பதை மக்களுக்கு நேரில் அறிவிக்கக் கோரல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனது கணவர் மேற்படி குளத்தில் வலை போடுபவர். அவர் பிடிக்கும் திலாப்பியாவையும் விராலையும் நான் தோப்பூர்ச் சந்தையில் விற்கிறேன். வேறு வருமானம் எங்களுக்கு இல்லை.

2. பல்கலைக்கழக ஆய்வாளர் செல்வி கீர்த்தனி எங்கள் மீன்களின் செவுள்களைச் சோதனைக்கு எடுத்துச் சென்றிருந்தார். கடந்த மாதம் திரும்பி வந்து, அவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் இருப்பதாகவும், உருவத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் மரபணுவால் அவை ஏழு வகை என்றும், ஒரே குளத்தில் இத்தனை வகை இருப்பது அரிய செல்வம் என்றும் மகிழ்ந்து கூறினார். மனிதரை அவை தொற்றா என்றும் சொன்னார். செல்வம் என்றதும் எங்கள் மீனவர் சங்கத்தார் அவருக்குப் பொன்னாடை போர்த்தினர். “ஏழு வகை ஒட்டுண்ணிகள் வாழும் எங்கள் குளம்” என்று அவர் படத்துடன் சந்திக்குச் சந்தி பதாகையும் கட்டினர்.

3. மறுநாள் முதல் மீன் விலைப்படவில்லை. வழமையாக மொத்தமாய் வாங்கி விற்கும் அபூதாஹிர் நானாவும், “தங்கச்சி, மீனில நான் குறை சொல்லேல்ல. வாங்கிற சனத்துக்கு விளங்கப்படுத்தத்தான் என்னால ஏலாது” என்று கூடையைத் திருப்பித் தந்துவிட்டார். பதாகைகளைக் கழற்றிவிட்டோம். படம் கைபேசிகளில் இன்னும் சுற்றுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, ஐயா? செல்வி கீர்த்தனி மறுபடியும் வந்து விளக்கினார். பதாகையில் இருந்தது அவர் முகம் என்பதால் யாரும் காது கொடுக்கவில்லை.

4. இப்போது அதனினும் பெரிய அச்சம் வந்துள்ளது. “வயலுக்கு அடிக்கிற மருந்தை ஊத்தினா எல்லாம் செத்துப்போம். பிறகு புதுக் குஞ்சு விடுவம்” என்று கிருஷாந்த் முதலான சங்கத்து இளைஞர்கள் வெளிப்படையாகவே பேசுகின்றனர். நீர் வற்றியிருக்கும் இக்கோடையே வசதி என்கின்றனர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், வீட்டில் உலை வைக்க வழியற்றவர்கள். ஆனால் அக்குளத்தில்தான் பிள்ளைகள் குளிக்கின்றனர், மாடுகள் குடிக்கின்றன. எங்கள் கிணறுகளுக்கும் அதன் ஊற்றுத்தான். என் கணவர் தனியாளாகக் குளக்கட்டில் காவல் நிற்கிறார். அவருக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

5. ஆகவே நஞ்சூற்றுவதை உடனே தடுக்குமாறும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் தாங்களே சந்தைக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொல்லுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். மீன் ஆகாது என்றால், ஆகாது என்றே சொல்லுங்கள்.

6. மனுவில் எழுதத் தகுமோ தெரியவில்லை. ஊருக்குக் காட்டுவதற்காக என் கணவர் தினமும் அம்மீனை வாசலில் அமர்ந்து உண்கிறார். சமைத்துக் கொடுப்பவள் நான். செல்வி கீர்த்தனியை நான் நம்புகிறேன். ஆயினும் என் கணவர் ஒருமுறை இருமினாலும் அடுப்பை விட்டு ஓடிவந்து பார்க்கிறேன். என் மகளின் சோற்றுக் கோப்பையில் இன்றுவரை ஒரு துண்டும் வைக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஏன் என்று அவள் கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) து. ஜெயரூபி

இடம்: இலுப்பைமடு
திகதி: 18.08.2025