ஏழாம் நாள், இருபத்திரண்டு கிலோமீட்டர் மீதி

போன வாரம் டிவியில் அந்த சைக்கிள் ரேஸ் ஆப்பைத் திறந்தேன். பார்ப்பதற்காக இல்லை. வருடச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்று மெயில் வந்திருந்தது, அதை நிறுத்துவதற்காக. முதல் திரையிலேயே 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் ஒரே ஒரு படம் இருந்தது. மலைச்சாலை, நனைந்த தார், ஒரு பெண்ணின் முதுகு. படத்துக்கு அடியில் ஓடும் சிவப்புக் கோடு முக்கால்வாசித் தூரத்தில் நின்றிருந்தது. பெண்கள் ரேஸ், ஏழாம் நாள். நீ நிறுத்தச் சொன்ன இடம்.

அதன் கீழே சின்ன எழுத்தில் புதிதாக ஒரு வரி. இந்தப் பதிவு ஞாயிற்றுக்கிழமையோடு நீக்கப்படும்.

எட்டு நாள் ரேஸில் ஏழாம் நாளின் பாதிக்கு மேல் பார்த்திருந்தோம். மீதியைப் பதினொரு மாதமாக நான் தொடவில்லை. தொட்டால் முடிந்துவிடும். தொடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அதுவாகவே போய்விடும். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தாவை நிறுத்த மறந்துபோனேன்.

கல்யாணமாகி அல்சூரில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், சைக்கிள் ரேஸ் பார்க்கிறவன் நான் மட்டும்தான். நீ பல் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலையை முடித்து வந்து, சோபாவின் மறுமுனையில் காலை நீட்டிக்கொள்வாய்.

"மூணு மணி நேரமா ஓட்றானுங்க. ஒருத்தன் மூஞ்சியும் தெரியல. இதைப் போய் எப்படிப்பா பாக்கற?"

ஒருநாள், "பொண்ணுங்க ஓட்ட மாட்டாங்களா?" என்று கேட்டாய். ஓட்டுவார்கள், அவர்களுக்கும் பல நாள் ரேஸ் உண்டு, அதையே வேலையாக வைத்துச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள் என்றேன். "அப்ப அதைப் போடு" என்றாய். அன்றோடு ரிமோட் என் கையை விட்டுப் போனது.

நான் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தேன். தினமும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்ட வேண்டும். எல்லா நாள் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவள் ஜெயித்தவள். ஓர் அணியில் ஏழு பேர். ஒருத்தியை ஜெயிக்க வைக்க மற்ற ஆறு பேரும் உழைப்பார்கள். எதையும் விளக்கிவிட்டால்தான் எனக்கு நிம்மதி என்பது உனக்குத் தெரியும். பாதியில் நீ கையைக் காட்டி நிறுத்தினாய். திரையின் ஓரத்தில் ஒரு பெண் தன் அணியின் காரை ஒட்டி ஓட்டிக்கொண்டே, ஜன்னல் வழியாக நீட்டிய தண்ணீர் பாட்டில்களை வாங்கி, சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டிருந்தாள். ஆறு, ஏழு, எட்டு. கூன் விழுந்த மாதிரி முதுகு புடைத்துவிட்டது. அப்படியே மறுபடி வேகம் பிடித்து முன்னால் போய், தன் அணிக்காரிகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

"இவளுக்கு என்ன கிடைக்கும்?"

"சம்பளம்."

"கப்பு?"

"அது லீடருக்கு."

நீட்டியிருந்த காலை மடக்கி உட்கார்ந்தாய். பிறகு, "ஜெயிக்கிறவளை நீ பாத்துக்கோ. பாட்டில் தூக்கறவளை நான் பாத்துக்கறேன்" என்றாய்.

அவள் இடுப்பில் குத்தியிருந்த நம்பர் நூற்று நாற்பத்தேழு. அடுத்த வருடங்களில் நம்பர் மாறியது. உனக்கு அவள் நூற்று நாற்பத்தேழுதான். பச்சைச் சட்டை, ஆரஞ்சு சாக்ஸ். எண்பது பேர் கொண்ட கூட்டத்தில் அந்த சாக்ஸை நீ நொடியில் கண்டுபிடிப்பாய். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

வேலை நாட்களில் நாம் வீடு திரும்புவதற்குள் அங்கே அன்றைய ரேஸ் முடிந்திருக்கும். அதனால் ஒரு சட்டம் போட்டாய். இரண்டு பேரும் சேர்ந்து உட்காரும்வரை யாரும் முடிவைப் பார்க்கக் கூடாது, மீறினால் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். இரண்டாவது வருடம் மீறியது நீதான். கடைசி ஒரு கிலோமீட்டர், நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன், நீ சாவகாசமாகப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாய்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"இந்த நேரத்துல யாராவது பூண்டு உரிப்பாங்களா?"

"வர்ற வழியிலேயே போன்ல வந்துடுச்சுப்பா. உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல மனசு வரல. ரெண்டு மணி நேரம் நடிச்சிருக்கேன், அதுக்கு ஏதாவது குடு."

பாத்திரத்தை நான்தான் கழுவினேன்.

போன வருடம் ரேஸ் வந்தபோது உனக்கு மூன்றாவது முறை கீமோ மருந்து ஏற்றி முடித்திருந்தார்கள். சோபா முழுக்க உனக்கு, தரை எனக்கு. ஏழாம் நாள் மலை நாள். இங்கேயும் மழை, அங்கேயும் மழை. கடைசி ஏற்றத்துக்கு முன்னால் நூற்று நாற்பத்தேழு கூட்டத்திலிருந்து விடுபட்டுத் தனியாகப் பின்தங்கினாள். தோள் இரண்டு பக்கமும் ஆடியது. திரையின் மூலையில் இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று இருந்தது.

"நிறுத்துப்பா. நாளைக்குப் பாக்கலாம். அவளும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்றாய்.

மறுநாள் காலையில் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள் கண்ணைத் திறந்து நீ கேட்ட முதல் கேள்வி, "பாத்துட்டியா?"

"இல்ல."

"பாக்காத. நான் வர்றேன்."

பதினோராவது நாள் நான் மட்டும் திரும்பி வந்தேன்.

அன்றைக்கு எல்லோரும் அழுதார்கள். நான் ஆக்ஸிஜன் மீட்டரில் எத்தனை லிட்டர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மூடிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் என் வேலை ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஏதாவது சர்வர் விழுந்தால் எழுப்பிவிடுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் சரியான பதிலைச் சொல்கிறேன். சைக்கிள் வாட்ஸப் குரூப்பிலிருந்து மட்டும் வெளியேறிவிட்டேன், யாராவது அந்த எட்டாம் நாளைப் பற்றிப் பேசிவிடுவார்கள் என்று. போனில் நூற்று நாற்பத்தேழின் பெயரைத் தட்டினால் அவள் என்ன ஆனாள் என்று தெரிந்துவிடும். தட்டவில்லை. நீ வருகிறேன் என்று சொல்லியிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு உன் அம்மா விவேக் நகர் சர்ச்சில் உனக்காகப் பூசை வைத்துவிட்டு, அப்படியே இங்கே வருவது வழக்கம். அத்தை உள்ளே வந்தபோது நான் டிவியில் அந்தப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"என்ன மாப்ளே, கதவு தொறந்தே கெடக்குது. சாப்டீங்களா?"

"இல்ல அத்தை."

"தெரியும். அதான் கறிக்குழம்பு எடுத்துட்டு வந்தேன்." கேரியரை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் டிவியைப் பார்த்தார். "இது அவ பாக்கற சைக்கிளுதானே?"

"ஆமா அத்தை. பாதியில நிக்குது. இன்னிக்கோட எடுத்துடுவாங்களாம்."

"அப்ப ஏன் மொறச்சிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? போடுங்க."

"வர்ற வரைக்கும் பாக்காதன்னு சொல்லிட்டுப் போனா அத்தை."

அத்தை கேரியரின் அடுக்குகளைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். அவசரப்படவில்லை.

"எங்கிட்டயும்தான் சொன்னா. கிறிஸ்மஸுக்கு ரோஸ் குக்கீஸ் நான் வந்து சுடறேன், நீ அடுப்புல நிக்காதம்மான்னு. நான் சுடலையா? சுட்டேன். பாதி கருகிப்போச்சு. தெருவுல எல்லாருக்கும் குடுத்தேன், எல்லாரும் தின்னாங்க." கையைத் துடைத்துக்கொண்டு சோபாவில் உன் இடத்தில் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் புரியாது. நீங்க சொல்லிக்கிட்டே வாங்க."

போட்டேன்.

"இதுல நம்ம ஆளு யாரு?"

"அதோ, கடைசியா வர்றா பாருங்க. பச்சைச் சட்டை."

"இவ்ளோ பேரு ஓட்றாங்க, போயும் போயும் கடைசி ஆளையா புடிச்சா? அப்படியே அவங்கப்பா. அவரும் தோக்கற டீமுக்குத்தான் கை தட்டுவாரு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பின்னாலயே ஒரு வேன் வருதே, அது எதுக்கு?"

"முடியலன்னா ஏத்திக்கிட்டுப் போக."

"ஏறிட்டா?"

"அவ்ளோதான், வீட்டுக்குப் போகணும். ஏறாட்டியும் டைம் இருக்கு அத்தை. முதல்ல வந்தவளுக்கு அப்புறம் இத்தனை நிமிஷத்துக்குள்ள வரணும். இன்னிக்கு முப்பத்தெட்டு நிமிஷம். ஒரு நொடி லேட்டானாலும் நாளைக்கு ஓட்ட விட மாட்டாங்க."

"அந்த மலையப் பூரா ஏறி வந்தவளையா? நல்லா இருக்கே இவங்க நியாயம்."

ஜெயித்தவள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அத்தை அவளைச் சட்டை செய்யவில்லை. "சரி, இவ வந்துட்டா. நம்மவ எங்க?" கேமராவும் நம்மவளைக் காட்டவில்லை. நான் போனில் கடிகாரத்தை ஓடவிட்டேன். பத்து நிமிடம். இருபது. இருபத்தேழாவது நிமிடம் பின்தங்கியவர்களின் கூட்டம் ஒன்று நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. பச்சைச் சட்டை இரண்டு பேர். இருவருக்கும் வெள்ளை சாக்ஸ். முப்பத்து மூன்றாவது நிமிடம் பூங்கொத்து கொடுத்தார்கள், நிகழ்ச்சி முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அத்தை."

"அவ வந்தாளா இல்லையா?"

"காட்டல."

"நல்ல கூத்து. ஆளு வர்றதுக்குள்ள கடையச் சாத்திட்டானுங்க."

போனில் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். கையில்தான் இருந்தது. அத்தை போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவ அப்படிப் பாப்பாளா?"

"மாட்டா."

"அப்ப அடுத்த நாளப் போடுங்க. இருந்தா இருப்பா."

எட்டாம் நாளைப் போட்டேன். அது ஒரு சைக்கிள் ரேஸ் என்பதும், எப்போதோ முடிந்துபோனது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அதில் இல்லாவிட்டால் அன்று சாயங்காலத்தை எப்படிக் கடப்பது என்று தெரியவில்லை. நேராகப் போய் அவளைத் தேடி ஓட்டிப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. ஆரம்பத்திலிருந்தே ஓடவிட்டோம்.

வெயில் நாள். ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் கூட்டம் ஒரே நிறமாகத் தெரிந்தது. அத்தை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுவா?" "இல்ல அத்தை, அது வேற டீம்." "இது?" "அது ஆம்பள, போலீஸ்காரர்." "ஸ்வல்ப மெதுவாப் போகச் சொல்லுங்க, ஒண்ணும் தெரியல." அரை மணி நேரம் இப்படியே போனது. ஒரு தடவை பச்சைச் சட்டைகளை எண்ணினேன். ஆறு வந்தது. ஏழு இருக்க வேண்டும். அத்தையிடம் சொல்லவில்லை.

பிறகு சமதளத்தில், சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே, எல்லோரும் சும்மா பேசிக்கொண்டே ஓட்டுகிற நேரத்தில், கேமரா வண்டி மெல்லக் கூட்டத்தின் வாலுக்கு நகர்ந்தது. ஆரஞ்சு சாக்ஸை முதலில் பார்த்தது நான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. நூற்று நாற்பத்தேழு. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் காகிதத்தில் சுற்றிய அரிசிக் கேக்கைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவளிடம் வாய் நிறைய வைத்தபடி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் விரலை நீட்டிக் காட்டினேன்.

"சாப்பிடறா" என்றார் அத்தை. கொஞ்சம் கழித்து, "நல்லா மென்னு சாப்பிடறா, பாருங்க" என்றார்.

கடைசி மாதம் ஒரு கரண்டிக் கஞ்சியோடு அத்தை உன் பக்கத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அத்தை என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டார். சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கவனித்தே ரொம்ப நாளாகியிருந்தது.

அப்போது எனக்குத் தோன்றியது இதுதான். இந்தப் பதினொரு மாதமும் அவளை அந்த மழையில், அந்த ஏற்றத்தில் நான் நிறுத்தி வைத்திருந்தேன். அவளோ அன்றைக்கே மேலே போய்ச் சேர்ந்து, குளித்து, தூங்கி, காலையில் எழுந்து வேலைக்கு வந்துவிட்டிருக்கிறாள். நான் தெரிந்துகொள்ளாத எல்லா நாளும் அவள் தப்பித்தவளாகத்தான் இருந்திருக்கிறாள். நிறுத்தச் சொல்லும்போது உனக்கும் அது தெரியாது. தெரியாமலேயே நீ அன்று நிம்மதியாகத் தூங்கினாய், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மொத்த ரேஸையும் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் அத்தைக்குத் தெரியாது. எனக்கும் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

சாயங்காலம் அத்தையை விவேக் நகரில் விடப் போனேன். வாசலில் பக்கத்து வீட்டு அம்மா, பூசைக்குப் போனவர் இவ்வளவு நேரம் எங்கே என்று கேட்டார். "மாப்ள வீட்ல ரேஸ் பாத்தோம். நம்ம பொண்ணு ஒருத்தி, மலையில மாட்டிக்கிட்டா. தப்பிச்சி வந்துட்டா" என்றார் அத்தை. எந்தப் பொண்ணு என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட்டில் இடம் கிடைத்தது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் என் கண் முதலில் முன்னால் இருப்பவர்களிடம் போய்விட்டு, தானாகக் கடைசியில் வருகிறவர்களிடம் திரும்பிவிடுகிறது. உன்னோடு உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம், இனி போகாது. அன்றும் பின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாப்பை விட்டு பஸ் நகர்ந்த பிறகு, இரண்டு கையிலும் பையோடு ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். டிரைவருக்குத் தெரிந்திருக்காது. நான் எழுந்து, பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "ஹோல்டான்" என்று கத்தினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ் நின்றது. அவள் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கண்டக்டர் ரைட் சொன்னார். நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டேன்.