சங்கரலிங்கத்தின் கை

கம்பம்
ஆனி 12

அன்பு மகன் சுரேஷ்கண்ணனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், ஆடு இரண்டும் சுகம். நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும், கேட்டால் நீ சுகம் என்றுதான் சொல்வாய், நான்கு மாதமாகச் சொன்ன சுகமே எனக்குப் போதும், அதனால் கேட்கவில்லை. போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவைப் பிடிக்கிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகம் மட்டும்தான் தெரிகிறது, கை தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தௌபீக் வந்தான். லீவில் உத்தமபாளையம் வந்தவன், மஸ்கட்டிலிருந்து நீ கொடுத்துவிட்ட பேரீச்சம்பழத்தையும் தைலத்தையும் கொண்டுவந்தான். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, உங்கள் பட்டறையில் இருக்கும் சங்கரலிங்கத்துக்குக் கை எப்படி இருக்கிறதப்பா என்று கேட்டேன். யாரும்மா சங்கரலிங்கம் என்றான். அதுதானப்பா, அலுமினியம் அறுக்கிற மிஷினில் வலது கை விரலை வெட்டிக்கொண்டானே, மயிலாடும்பாறைப் பையன், தாயில்லாப் பிள்ளை என்றேன். அவன் என்னைப் பார்த்தான், உன் அப்பாவைப் பார்த்தான், பிறகு மெதுவாக, "வெட்டுப்பட்டது சுரேசுக்குல்லம்மா, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான். உன் அப்பா எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார். ஆடு அப்போதுதான் தின்று முடித்துப் படுத்திருந்தது.

மாசியில் ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டாயே, நினைவிருக்கிறதா. "ஏம்மா, மலைல வெட்டுப்பட்டா என்ன வைப்பீக" என்று கேட்டாய். கூடத் தங்கியிருக்கிற சங்கரலிங்கத்துக்குச் சின்ன வெட்டு, தாயில்லாப் பிள்ளை, அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன் என்றாய். ஏலக்காய்த் தோட்டத்தில் கத்தி பட்டால் நாங்கள் செய்வதைத்தான் சொன்னேன், காபித்தூளை அள்ளி அப்பித் துணியைச் சுற்று, ரத்தம் நிற்கும் என்றேன். நீயும் அதையே உன் விரலில் அப்பிக்கொண்டு பேசாமல் படுத்துவிட்டாய். தூள் உள்ளே இறங்கிச் சீழ் வைத்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பதற்குள் உயிர் போய்விட்டதாம் உனக்கு. நடுவிரல் இன்னும் மடங்கவில்லை என்று தௌபீக் சொல்கிறான். என் பிள்ளைக்கு ஆழமான வெட்டு என்று தெரிந்திருந்தால் தூள் வை என்றா சொல்லியிருப்பேன், அந்த நிமிடமே டாக்டரிடம் ஓடுடா என்று தெருவே கேட்கக் கத்தியிருக்க மாட்டேனா. பொய்யைச் சொல்லி என் வாயாலேயே என் பிள்ளையின் புண்ணைக் கெடுக்க வைத்துவிட்டாய். நாலு நாளாக அடுப்படியில் காபி டப்பாவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

அந்தத் தாயில்லாப் பிள்ளைக்காக நான் சித்திரையில் வீரபாண்டிக்குத் தீச்சட்டி எடுத்தேன். சங்கரலிங்கம், ஊர் மயிலாடும்பாறை என்று விலாசம் சொல்லி வேண்டினேன், அப்படி ஒருவனை அந்த மாரியாத்தா எங்கே போய்த் தேடியிருப்பாளோ. பக்கத்தில் வேப்பிலையும் தண்ணீருமாக நடந்துவந்தவர் உன் அப்பா, எல்லாம் தெரிந்தவர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீ தாங்க மாட்டேன்னு பய கெஞ்சுனான்" என்கிறார். இருபத்தாறு வருடமாகக் கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய் மூட்டை தாங்குகிறவள் இதைத் தாங்க மாட்டேனாம். அவருக்கும் எனக்கும் நாலு நாளாகப் பேச்சு இல்லை, சோறு மட்டும் வைக்கிறேன்.

மலையில் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. வேலை முடிந்ததும் ஜீப்பில் ஏறும் முன் ஒருத்திக்கொருத்தி கையையும் காலையும் காட்ட வேண்டும், அட்டை ஒட்டியிருக்கிறதா, முள் கிழித்திருக்கிறதா, எல்லாம். காட்டாதவள் ஏறக் கூடாது. சின்ன வயதில் லீவு நாளில் என்னோடு வந்து, நீயும் அரைக்கால் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றவன்தானே. எங்களில் ஒருத்தியின் உடம்பில் ஒட்டிய அட்டையை மற்றவள்தான் முதலில் பார்ப்பாள், அதற்காகத்தான் அந்த வழக்கம். அதில் வளர்ந்தவன் பெற்றவளிடம் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் சிரித்துப் பேசியிருக்கிறாய்.

நேற்று அல்லிநகரம் போய் அனுசுயாவின் மருந்துக் கடையில் உனக்கு ஒரு முதலுதவிப் பெட்டி கட்டினேன். தௌபீக் புதன்கிழமை புறப்படுகிறான், கொண்டுவருவான். நான் பஞ்சும் மஞ்சள்தூளும் என்று ஆரம்பித்ததுமே அனுசுயா கையெடுத்துக் கும்பிட்டாள். "அத்தை, புண்ணுல பொடியே போடக் கூடாது, பஞ்சு ஒட்டிக்கிரும், இந்த வலைத்துணிய வச்சு விடாம அமுக்கிப் பிடிக்கணும், கையத் தூக்கி வச்சுக்கிரணும், பத்து நிமிசத்துல நிக்கலேன்னா ஆஸ்பத்திரிதான்" என்றாள். அவள் சொன்னபடி உறை பிரிக்காத வலைத்துணி பத்து, சுருள் கட்டுத்துணி நாலு, ஒட்டுகிற பிளாஸ்டர், நுனி மழுங்கிய கத்தரி, கையுறை, புண்ணுக்குப் போடும் களிம்பு, காய்ச்சல் பார்க்கிற கருவி, உங்கள் ஊர் வெயிலுக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் இருக்கிறது. களிம்பு வெயிலில் கெட்டுவிடுமாம், கட்டிலுக்கடியில் வை. தேதி முடிந்ததைத் தூக்கிப் போடு, உன் அப்பாவைப் போல் சேர்த்து வைக்காதே. பெட்டியைப் பட்டறையிலும் அறையிலும் கூட இருப்பவர்களுக்குக் காட்டிவை, ஒரு கையில் அடிபட்டவன் பெட்டியைத் தேட முடியாது. சீட்டெழுத யாருக்கு அத்தை என்று கேட்டாள் அனுசுயா. சங்கரலிங்கம் என்று ஆரம்பித்து, பிறகு உன் பெயரைச் சொன்னேன்.

பொய் சொன்னதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். அடிபட்டவனுக்குத் தாயில்லை என்று சொன்னாயே. நான் இங்கே குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும்போது அதை எந்த வாயால் சொன்னாய். அது என் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது.

விரலுக்குப் பயிற்சி சொல்லியிருக்கிறார்களாம், தவறாமல் செய். நேரத்துக்குச் சாப்பிடு. வீரபாண்டி ஆத்தா உன்னைக் கைவிட மாட்டாள், இந்த முறை சரியான பெயர் சொல்லி வேண்டியிருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, இந்தக் கடிதத்துக்குப் போனில் பதில் சொன்னால் எடுக்க மாட்டேன். அந்த வலது கையாலேயே எழுதித் தபாலில் போடு. இடது கையில் எழுதி ஏய்க்கப் பார்க்காதே, உன் எழுத்து எனக்குத் தெரியும். எழுத்து கோணினாலும் பரவாயில்லை, நான்கு வரி போதும். எத்தனை விரல் மடங்குகிறது என்று நான் அதில் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
சங்கரலிங்கத்தைப் பெற்றவள்,
மூக்கம்மாள்