‘ர’வின் இடது பாதம்

மார்ச் 4
எழுத்துரு வரைந்து முடிந்தது. பத்திரிகைக்காரர்கள் தலைப்புக்குக் கேட்டது இதைத்தான்: தடித்த எழுத்து, ஒவ்வொரு கோட்டின் அடியிலும் செங்கல் வைத்தாற்போல் சதுரப் பாதம். பாதமும் கோடும் ஏறக்குறைய ஒரே கனம். கிசுகிசுக்கத் தெரியாத எழுத்து. தலைப்பு, கடைப்பலகை, எச்சரிக்கை என்றால் ராஜா. பொடி அளவில் போட்டால் ‘ண’வின் சுழியெல்லாம் மை அடைத்து வெறும் கரும்புள்ளி. வரைந்தது நான், இனி எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி பார்ப்பது அக்கா. பத்திரிகையில் வருவதற்குமுன் வெளியே எங்காவது தலைகாட்டினால் ஒப்பந்தம் ரத்து.

மார்ச் 9
இரும்புக்கடைப் பலகையில் என் எழுத்து! அதே செங்கல் பாதம். நடுத்தெருவில் நின்றுவிட்டேன், ஆட்டோக்காரர் திட்டியது பிறகுதான் காதில் விழுந்தது.
அத்தானுக்குப் பலகை அச்சடிக்கும் தொழில். அக்காவின் கணினி அவர்கள் வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 10
“அத்தானுக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்று அக்காவிடம் போனில் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.
“ஏதோ ஓடுது. ஏன்டி?”
ஏன் என்று எதற்குக் கேட்கிறாள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

மார்ச் 11
அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் இருந்தபோது அவளுடைய ஃபைலில் மட்டும் ‘ர’வின் இடது பாதத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன். மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. இனி வெட்டுப்பட்ட ‘ர’ எந்தப் பலகையில் வந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.
தேநீர் கொடுத்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. ஐஸ் வைக்கிறாளோ?

மார்ச் 14
தெருத்தெருவாக அண்ணாந்து நடந்து கழுத்து வலிதான் மிச்சம்.

மார்ச் 17
மருந்துக்கடையில் புதுப் பலகை. ‘ர’ முழுப் பாதத்தோடு திண்ணென்று நிற்கிறது. அப்படியானால் அக்கா இல்லையா? வேறு யார்? மாதிரிக்காக ஃபைல் அனுப்பியது பத்திரிகையின் லேஅவுட்காரருக்கு மட்டும்தானே. போன் போட்டேன்.
“கடைப்பலகைக்கு நாங்கதாங்க குடுத்தோம். எதிர்த்தெருவுலேர்ந்து படிக்க முடியுதான்னு பாக்கணும்னு ஆசிரியர் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?”
சொல்லவில்லை. பாழாய்ப்போனவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை! நாளைக்கே போய் அந்தப் பாதத்தை ஒட்டிவிட வேண்டும்.

மார்ச் 18
அக்கா முந்திக்கொண்டாள். காலையிலேயே இங்கே வந்தாள்.
“அந்த ‘ர’வுல பாதம் வெட்டுப்பட்டிருந்துச்சு. ஏதோ அசதியில கை தவறிட்டேன்னு நெனச்சு சரி பண்ணினேன். அப்புறம் பழைய ஃபைலை எடுத்துப் பாத்தேன். அதுல முழுசா இருக்கு. வெட்டு விழுந்ததுல திருத்தின தேதி பதினொண்ணு. நீ வீட்டுக்கு வந்த அன்னைக்கு.”
நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை.
“கடைப்பலகையில நம்ம எழுத்தை நானும் பாத்தேன். என்மேலயாடி சந்தேகம்?”
“உன்மேல இல்லக்கா... அத்தான்மேலதான்.”
ஐயோ, இதைவிட மோசமாக ஒரு பதில் உண்டா! ஏன் அப்படிச் சொன்னேன்? அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 23
அக்கா போன் எடுக்கவில்லை. அத்தான் எடுத்தார். “தூங்குறாம்மா” என்றார். பகல் பதினொரு மணிக்கு.

ஏப்ரல் 2
பத்திரிகையில் வந்துவிட்டது. தலைப்பு பக்கம் முழுக்க நிமிர்ந்து நிற்கிறது. அத்தனை தடித்த எழுத்துகள், ஒன்றோடொன்று முட்டவில்லை, விலகவும் இல்லை. அக்கா சொன்ன தேதிக்குள் முடித்திருக்கிறாள்.
லேஅவுட்காரர் பேசினார். “உங்க அக்கா ஃபைலை நேரா எங்களுக்கே அனுப்பிட்டாங்க. உங்களுக்கு ஒரு காப்பி நாங்க அனுப்பணுமா?”
அனுப்புங்கள் என்றேன்.