மச்சான், உன் கொய்யா மரம் தழைத்தது

மச்சான்,

இன்று சிதம்பரம் கூட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கதவோரப் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, கொய்யா இலை. குடித்த வாடையை மறைக்க மென்று துப்பிவிட்டு வந்திருக்கிறார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேறென்ன, உன் நினைப்புத்தான்.

முதுநகரில் உன் வீட்டுக்குப் பின்னால் நின்ற கொய்யா மரம்போல இப்பூமியில் துன்பப்பட்ட மரம் வேறில்லை. மாலைதோறும் கடையிலிருந்து திரும்பி, அடுத்த தெருவில் காத்திருக்கும் உன் அக்காவுக்கு, அதாவது என் தர்மபத்தினிக்கு, வாடை தெரியக் கூடாதென்று அதன் இலைகளை மேய்வோம். கடலூர் ஜில்லா ஆடுகள் அத்தனையும் திரண்டு வந்தாலும் நாம் மேய்ந்த அளவுக்கு மேய்ந்திருக்காது. கை எட்டும் உயரம் வரை மரம் மொட்டை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அக்கா கேட்பாள்: "மேய்ஞ்சிட்டு வந்தாச்சா?"

ஒரு தை மாதம் பார்க்கிறேன், தாழ்ந்த கிளையில் தளிர். மாசி பிறப்பதற்குள் மரம் கல்யாணப் பந்தல் போலத் தழைத்துவிட்டது. நான் ஒருவனாக மேய்ந்து தீரவில்லை. நீ குடியை விட்டுவிட்டாய் என்று மூளையுள்ளவன் நினைத்திருப்பான். எனக்கோ, நீ வசதியான கூட்டாளிகளைப் பிடித்துவிட்டாய், அவர்கள் உனக்கு ஊற்றுவது வாடையே வராத சீமைச் சரக்கு என்று தோன்றியது. பொறாமையில் சோறு இறங்கவில்லை. நீயும் வாராவாரம் சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாய்.

"எங்க மச்சான்?"

"சும்மா, செதம்பரம் வரைக்கும் மாமா."

"என்னா விசேஷம்?"

"ஒரு கூட்டம்."

கூட்டமாம். அடுத்த வாரம் நீ முன் படியில் ஏற, நான் பின் படியில் ஏறினேன், சோழ ராஜாவின் ஒற்றர்படைத் தளபதியைப் போல முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாய். பின்னாலேயே வந்தேன். கிளாஸ் சத்தம் கேட்டது. வாய் ஊறிக்கொண்டு எட்டிப் பார்த்தால், எல்லாக் கிளாசிலும் டீ.

தப்பிக்க முடியவில்லை. உட்காரவைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். என் முறை வந்ததும் துண்டை எடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில் அறிவித்தேன்: "நான் இவரோட அக்கா வீட்டுக்காரர்." உறவைச் சொன்னால் உலகம் நாற்காலி போடும் என்று நம்பி வளர்ந்த ஆள் நான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. "வணக்கம் மாமா" என்றார்கள், எல்லாரும் ஒரே குரலில்.

நீ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: "மாமா, இங்க மாப்பிள்ளை மரியாதை கிடையாது. ஒக்காருங்க."

பிறகு நீ பேசினாய். உன் காலடிச் சத்தம் கேட்டால் உன் மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதைச் சொன்னாய். மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியது போலிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடி எழுந்து, கெடிலம் ஆறு வறண்டு கிடப்பதற்கே காரணம் நான்தான் என்கிற அளவுக்கு என் குடிப் பெருமையை அளந்தேன். எதிரே ஒருவர் பரிவாகக் கேட்டார்: "அவ்ளோதானா மாமா?"

வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "ஜாஸ்தி குடிச்சவனுக்கு இங்க கப்பு குடுக்க மாட்டாங்க. இன்னிக்குக் குடிக்காதவனுக்குக் கை தட்டுவாங்க, அவ்ளோதான்."

உனக்குத் தட்டியதை எனக்கும் தட்ட வேண்டும். அதற்காகவே வாராவாரம் வந்தேன். நான் திருந்தி வந்தவன் இல்லை, மச்சான். வீட்டில் உன் அக்கா வேறு, "என் தம்பி மொகத்துல எப்படி ஒரு களை" என்று சாம்பாரோடு சேர்த்து ஊற்றினாள். உன்னோடு போட்டி போட்டே குடிக்காமல் இருந்தேன். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை. அக்கா வீட்டுக்காரனாக எழுந்து, அக்கா வீட்டுக்காரனாகவே உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. வாசலில் பந்தல் போட்டு உன்னைக் கிடத்தியிருந்தார்கள். சாவு வீட்டில் ஆண்களுக்கு ஒதுக்குப்புறமாக ஊற்றுவதுதான் தெரிந்த வழக்கமாயிற்றே. உன் சித்தப்பா மகன் என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டு டம்ளரை நீட்டினான்.

"துக்கத்துக்கு மாமா. இன்னிக்குக்கூடக் குடிக்கலன்னா மச்சான் மேல இன்னா பாசம்?"

வாங்கிவிட்டேன். வாடை நெற்றி வரை ஏறியது. பந்தல் துணியின் இடுக்கு வழியாக உன் முகம் தெரிந்தது. அப்போதுதான், மச்சான், என் வாழ்நாளின் மகா பொறாமை வந்தது. நீ குடிக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய். இனி யாராலும் உன் கையில் டம்ளரைத் திணிக்க முடியாது. நீ ஜெயித்தது ஜெயித்ததுதான். எனக்கோ ஒரு மடக்குப் போதும், எல்லாம் போய்விடும். படுத்துக் கிடக்கிறவனிடம் நின்றுகொண்டிருக்கிறவன் தோற்பதா?

"எனக்கு வேணாம்டா. நான் குடிநோயாளி" என்றேன். உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பந்தல் முழுக்கத் திரும்பியது. உன் அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரே மகாபுருஷன் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன். உனக்கு நாளைச் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. எனக்கு உண்டு. பொழுது சாய்ந்தால் நாக்கு வறள்கிறது. கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிறது. அப்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன். அன்போடெல்லாம் இல்லை, மச்சான். வயிற்றெரிச்சலோடுதான். இதுவரை அது போதுமானதாக இருக்கிறது.