முகர்ந்து பார்க்காத லைலாக்

மே 17, சனி

எழுந்ததும் பல்கூடத் தீட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பின் யார்டுக்கு. லைலாக் மரத்துப் பூக்கொத்துகளை எண்ணினேன். இருபத்துமூன்று கொத்து. எல்லாம் இன்னும் மொட்டு. கத்தரிப்பூ நிறம், மிளகை அடுக்கி வைத்த மாதிரி. வாசம் இல்லை. விரிந்தால்தான் வரும்.

எட்டு டிகிரி. புல் ஈரம். காலுறை நனைந்தது.

ஐந்து வருடம். பக்கத்து வீட்டு ஜினெட் தன் மரத்தடியில் முளைத்த கன்று ஒன்றைத் தோண்டித் தந்தபோது என் முழங்கால் உயரம். முதல் மூன்று பனிக்காலமும் சாக்கால் சுற்றிக் கட்டினேன். ஜினெட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். குளிர்தான் அதற்கு வேண்டுமாம். குளிரில் கிடந்தால்தான் பூக்குமாம். சரியென்று கட்டாமல் விட்டேன். அந்த வருடம் ஒக்டோபரில் இவர், என் கணவர், “கொஞ்சம் வடிவாக்கி விட்டனான்” என்று வேலி வெட்டுவதுபோல மேலே சமனாக வெட்டிவிட்டார். அடுத்த வசந்தத்து மொட்டு அப்போதே கொப்பின் நுனியில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. போன வருடம் முழுக்க வெறும் இலை.

ஜினெட்டின் மரம் இப்போது இல்லை. புது வேலி போட வந்தவர்கள் போன கோடையில் வேரோடு எடுத்துவிட்டார்கள். அவரைக் கேட்டார்களா தெரியவில்லை. மகன்தான் ஒழுங்கு செய்தது. ஜினெட்டுக்கு எழுபத்தெட்டு வயது. முதல் கொத்து உங்களுக்குத்தான் என்று இன்று சொன்னேன். கையைத் தட்டினார்.

செய்ய: கத்தரிக்கோல் தீட்ட. முட்டைக்கோது அடியில் போட. மகள் மிதுனாவின் பல் டொக்டர். பருப்பு முடிந்துவிட்டது.

மே 19, திங்கள்

விடுமுறை. நல்ல வெயில். வெயில் பக்கத்துக் கொத்துகள் பதினான்கும் விரிந்துவிட்டன. தேநீர்க் கோப்பையோடு போனேன். கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, ஒரு கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தேன். மூக்குக்கும் பூவுக்கும் நாலு விரல் இடைவெளி இருந்திருக்கும்.

“சுமதி, மணந்து போடாதையும். சாமிக்கு வைக்கலாம்.”

பத்மா மச்சாள். இவரின் அக்கா. இல்-பிசார் தீவிலிருந்து காரில், சொல்லாமல் கொள்ளாமல், பக்கக் கதவால் உள்ளே. கையில் பூக்கூடை. வெறுங்கையோடு வந்து பூவைக் கண்டவர் அல்ல. இவர் சனிக்கிழமையே படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

நான் நிமிர்ந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது. முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது என்று சின்ன வயதிலிருந்து கேட்ட கழுத்து, யாரும் தொடாமலே நிமிர்ந்தது. நாற்பத்தாறு வயது. என் வீடு. நான் தண்ணீர் ஊற்றிய மரம்.

“இது சாமிக்கு வைக்கிற பூவோ மச்சாள்?”

“வாசம் இருக்குத்தானே. வாசமான பூவைச் சாமி வேண்டாமெண்டு சொல்லுமே?”

“இல்லை, நான் இன்னும்...”

“இஞ்ச சும்மா நிண்டு கொட்டுண்டு போறதுக்கு, கோயிலுக்குப் போனால் உமக்கும் புண்ணியம். தம்பி, அந்தக் கொப்பைக் கொஞ்சம் பதிச்சுப் பிடி.”

இவர் பிடித்தார். கட்டியிருந்த சாரத்தோடு ஓடி வந்து பிடித்தார்.

பதினான்கும் போயிற்று. வெட்டியதென்றால்கூடப் பரவாயில்லை. பூவுக்குக் கீழே இருக்கும் இரண்டு தளிரையும் விட்டு வெட்டினால் அடுத்த வருடம் அந்தத் தளிரில் பூக்கும். அவர் முழங்கை நீளத்துக்கு முறித்தார். அடுத்த வருடத்தையும் சேர்த்துக் கூடையில் வைத்துக்கொண்டு போனார். தேநீர் ஆறிப்போயிருந்தது. எறும்பு விழுந்திருந்தது.

கார்க் கதவைச் சாத்தும்போது: “நிழல் பக்கம் இன்னும் ஒன்பது இருக்கு. விரியட்டும், பேந்து வாறன்.”

எண்ணியிருக்கிறார்.

மே 20, செவ்வாய்

பஸ், ரயில், ஆஸ்பத்திரி லாப். டவுன்டவுனில் ஒரே தூசு, வீதி கிண்டுகிறார்கள். நாள் முழுக்க முகத்தில் மாஸ்க்.

மதியம் குடும்ப வட்ஸ்அப்பில் படம். முருகன் காலடியில் என் பதினான்கு கொத்தும் குவியலாக. கீழே எழுதியிருந்தது: “எங்கட வீட்டு லைலாக்.” அதற்குக் கீழே இவர் மூன்று கைகூப்பு.

எங்கட.

இனி இந்தக் கொப்பியில் அவர் பெயர் ப.ம. முழுப் பெயரை எழுத மை செலவழிக்க மாட்டேன்.

முருகனுக்கும் எனக்கும் ஒரு பிணக்கும் இல்லை. குசினி அலுமாரித் தட்டில் அவர் இருக்கிறார், காலையில் விளக்கு வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறேன். முருகன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.

மாலை ஜினெட் வேலியடியில். முறிந்த கொப்புகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். களவு போய்விட்டதா என்று பிரெஞ்சில் கேட்டார்.

“இல்லை. என் மச்சாள்.”

“ஏதாவது கல்யாணமா?”

“கடவுளுக்கு.”

“அவரிடம் பெரிய பூச்சாடி இருக்க வேண்டும்” என்றார்.

இருவரும் சிரித்தோம். நான் உள்ளே வந்து கை கழுவுகிற இடத்தில் தண்ணீரைத் திறந்து விட்டுச் சும்மா நின்றேன். அவர் தன் கொத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

மே 21, புதன்

மேகம். கால் வலி. மீன் வாங்கினேன், நல்லதில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒருவழியாக வாயைத் திறந்தேன்.

“உங்கட அக்கா ஒரு சொல் கேட்டிருக்கலாம்.”

“என்னத்தை?”

“பூவை.”

“அட. சாமிக்குத்தானே எடுத்தவ.”

“கடையில கொண்டுபோய் வித்தவ எண்டு நான் சொல்லேல்லை. கேட்டு எடுத்தவவோ?”

“தம்பியின்ர வீட்டில என்ன கேள்வி? நீர் ஒரு பூவுக்கு நிண்டு கதைக்கிறீர்.” பிறகு மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, வழக்கமானது: “இந்த நாட்டுக்கு வந்த நேரம் ஒரு வருஷம் அவவின்ர பேஸ்மென்டில இருந்தனாங்கள். மறந்திடாதையும்.”

மறக்க விட்டால்தானே. அந்த ஒரு வருடத்துக்காக இதுவரை போனவை:

என் இடியப்ப உரல்.
கறிவேப்பிலைச் சாடி. (“உம்மட வீட்டில வராது, என்னட்டத்தான் வெயில்.”)
எல்லாத் தீபாவளியும். ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை.
மகளின் பெயர். நான் யோசித்து வைத்திருந்தது வேறு. அதை எங்கும் எழுதியதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.
பதினான்கு கொத்து.

இதில் உரலுக்கு நான் கவலைப்படவில்லை. உரலுக்கும் கவலைப்பட்டேன்.

மிதுனா காதில் வயரோடு இருந்தாள், ஒன்றும் கேட்காத மாதிரி. எல்லாம் கேட்டிருக்கிறாள். கோப்பை கழுவும்போது பக்கத்தில் வந்தாள்.

“அம்மா, மாமிக்கு ‘நோன்’, ஏலாது எண்டு சொல்லுங்கோவன். நான் சொல்லட்டே?”

“நீ சும்மா இரு.”

“நீங்கள்தான் சும்மா இருக்கிறியள்.”

பதினாறு வயது. அடிக்கவும் முடியாது. அவள் சொன்னது பிழையும் இல்லை.

மே 22, வியாழன்

ரயில் தாமதம். நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் கால் வைக்க முதல் ப.ம.வின் அழைப்பு.

“சுமதி, சனிக்கிழமை கோயில்ல எங்கட உபயமெல்லோ. அண்டைக்குப் பூசை முழுக்க எங்கட பொறுப்பு. காலமை ஆறரைக்கு வந்து மிச்சப் பூவை ஆய்ஞ்சுகொண்டு போறன். நீர் எழும்பத் தேவையில்லை.”

“மச்சாள், பக்கத்து வீட்டு மதாமுக்கு ஒரு கொத்துக் குடுக்கிறதெண்டு சொன்னனான்.”

“சாமிக்கு வைச்சிட்டுப் பேந்து குடுப்பம். பிரசாதமாப் போகட்டும்.”

“அவதான் கன்று தந்தவ...”

“அப்ப அவவுக்கும் புண்ணியம்தானே. மணந்து கிணந்து போடாதையும், என்ன? மணந்தால் பேந்து ஒண்டுக்கும் உதவாது. மிதுனாவிட்டையும் சொல்லி வையும்.”

“ஓம் மச்சாள்.”

ஓம். நான்தான் சொன்னேன். யாரும் என் வாயைப் பிடித்து அசைக்கவில்லை. லாப்பில் டொக்டர்மாரோடு ஒரு ரிசல்ட்டுக்காக அரை மணி நேரம் நின்று வாதாடுகிறேன், அதுவும் பிரெஞ்சில். இவர் குடும்பத்துக்கு முன்னால் எனக்குத் தமிழில் இருப்பது ஒரு சொல்தான்.

கோபத்தில் பாதி ப.ம. மேல். மற்றப் பாதி எங்கே போகிறது என்று தெரியும், எழுதத் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து வருடம் வளர்த்தவள் நான். இந்தப் பூவின் வாசம் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜினெட்டின் மரத்து வாசம் தெரியும். கோயில் ஐயருக்குக்கூட என் மரத்து வாசம் தெரியும்.

செய்ய: மிதுனாவுக்கு வெள்ளைச் சப்பாத்து. மின்சார பில்.

மே 23, வெள்ளி

காலை மழை, பிறகு வெளித்தது. லாப்பில் அரை நாள் லீவு கேட்டு எடுத்தேன், காரணம் சொல்லவில்லை. வந்து பார்த்தால் நிழல் பக்கத்து ஒன்பதும் விரிந்து கிடக்கிறது. மழை ஈரத்தில் கொத்துகள் பாரமாகித் தொங்குகின்றன. ஒரு வண்டு ஒரு கொத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தது. அதை யாரும் மணக்காதே என்று சொல்லவில்லை.

கிட்டப் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன், ஏதோ மியூசியத்தில் நிற்பதுபோல.

பின்னேரம் சமைக்கும்போது குசினி ஜன்னலால் வாசம் வந்தது. நான் தேடிப் போகவில்லை, குனியவில்லை. தானாக வந்தது. வெங்காயம் வதங்கும் மணத்தோடு கலந்து, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும். இதை முகர்ந்ததாகக் கணக்கெடுக்க முடியாது. எனக்கு இது போதவும் போதாது.

அகப்பையோடு நிற்கும்போதுதான் ப.ம. நேற்றுச் சொன்னது திரும்பக் கேட்டது. மணந்தால் பேந்து ஒண்டுக்கும் உதவாது. வெங்காயம் கருகிவிட்டது. திரும்ப வெட்டினேன். இவர் வந்து என்ன மணம் என்று கேட்டார். வெங்காயம் என்றேன்.

முகராமலே முகர்ந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். ப.ம. எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆனால் சாமி காரியத்தில் பொய் சொல்ல மாட்டேன். பொய் தேவையும் இல்லை.

அலாரம் ஐந்துக்கு. விளக்கு வைத்து முருகனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், அவர் தவறாக எடுக்க மாட்டார். பிறகு யார்டு. ஒன்பது கொத்தையும் ஒவ்வொன்றாக. மூக்கு நுனியால் அல்ல, முகம் முழுக்க உள்ளே விட்டு. நனைந்தால் நனையட்டும். அவசரம் இல்லை, ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. வண்டு இருக்கும் கொத்தைக் கடைசிக்கு விடலாம். பிறகு வேலிப் பக்கத்துப் பெரிய கொத்தை, கீழே இரண்டு தளிரையும் விட்டு வெட்டி, தண்ணீர்ப் போத்தலில் போட்டு ஜினெட்டின் வாசற்படியில்.

மிச்சம் எட்டும் மரத்தில் நிற்கும்.

ஆறரைக்குப் பக்கக் கதவு திறக்கும்போது படியில் தேநீரோடு இருப்பேன். கூடையைக் கீழே வைக்க முதல் சொல்லிவிட வேண்டும். ஒன்பதையும் மணந்திட்டன், மச்சாள்.

இவரும் மிதுனாவும் முன்னறையில் டிவி பார்க்கிறார்கள். இருவருக்கும் சொல்லவில்லை.